இனிப்புத் தண்டல்

வா மாப்ள, உக்காரு. பெஞ்சு ஆடும், பயப்படாத. எனக்கு முன்னாடியே இந்தக் கடைக்கு வந்த பெஞ்சு. அது என்ன மாஸ்டர் காதுல ரகசியம்? வித்தவுட்டா? அதை ஏன்டா கள்ள நோட்டு மாத்த வந்தவன் மாதிரி சொல்ற? அந்தா, மாஸ்டர் போட்டு ஒடச்சுட்டான் பாரு: “வித்தவுட்டு ஒண்ணேய்!” பழங்காநத்தம் ரவுண்டானாவுல நிக்கிற டிராபிக் போலீசுக்கே கேட்டிருக்கும். வெக்கப்படாத. இந்தப் பெஞ்சுல ஏழு பேரு இருக்கோம், அதுல நாலு கிளாசு வித்தவுட்டு. மத்த மூணு பேரு இன்னும் ரத்தம் குடுத்துப் பாக்கல.

அது சரி, வித்தவுட் டீக்குத் தொணையா கையில என்னது? பால்பன்னா! வாசல்ல நின்னு சீனியை வெரட்டிப்புட்டு, கொல்லைப் பக்கமாக் கையப் புடிச்சுக் கூட்டியாறவனை இப்பத்தான் பாக்குறேன். இல்ல, பொய் சொல்லக் கூடாது. பதினெட்டு வருசத்துக்கு முந்தி எங்க வீட்டுக் கண்ணாடியில ஒருத்தனைப் பாத்திருக்கேன்.

எந்தங்கச்சி, அதான் உங்காத்தா, நேத்து வந்து மூக்கைச் சிந்துச்சு. பல்லு புடுங்கப் போன எடத்துல ரத்தத்தைப் பாத்து, வெறும் வயித்துலயே 268ன்னு சொல்லிட்டாங்களாமே. பல்லு வலி மறந்தே போச்சாம்ல உனக்கு. 126 தொட்டாலே சுகருன்னு பேரு வச்சுருவாங்க, நீ ரெட்டைக்கும் மேல வாங்கிருக்க. பத்தாம் வகுப்புல வாங்க வேண்டிய மார்க்கை இங்க வந்து வாங்குனா எப்பிடி?

“42 வயசுல எனக்கு ஏன் மாமா? நான் சீனியே அவ்வளவாச் சேக்க மாட்டேனே”ன்னு கேக்குற. கேளு. நான் மாடக்குளம் ஆயக்கட்டுல வெள்ளாமை பாத்தவன். இந்த ஒம்பது விரலு மிதிக்காத வரப்பு அங்கிட்டுக் கெடையாது. டாக்டர் பாஷை எனக்கு ஏறாது, தண்ணிப் பாஷைதான் ஏறும். ரத்தம்ங்கிறது வாய்க்காலு. நீ தின்ன சோறு, பரோட்டா, பன்னு அம்புட்டும் சக்கரையாக் கரைஞ்சு அதுல ஓடுது. வயலுக்குள்ள பாயணும்னா மடையத் தொறக்கணும். தொறக்குற நீர்பாய்ச்சி பேருதான் இன்சுலின். வயித்துக்குப் பின்னாடி கணையம்னு ஒரு வீட்டுல குடியிருக்கான். உன் மடையெல்லாம் இப்பத் துருப்புடிச்சுப் போச்சு. ஒரு ஆளு தொறந்த மடைக்கு மூணு ஆளு வேணும்ங்குது. வருசக்கணக்கா மல்லுக்கட்டி அவனும் ஓஞ்சுட்டான். வாய்க்கால்ல கரை முட்டத் தண்ணி, வயலு காயுது. வயிறு முட்டத் தின்னும் உனக்கு அசதி தீரலைன்னா அதான் காரணம். ரத்தத்துல சுமாரா 180க்கு மேல ஏறுனா கிட்னி கலுங்கு வழியா வெளியேத்திரும். ராத்திரி நாலு தடவ எந்திரிச்சுப் போறியே, அது கலுங்கு பாயுற சத்தம். நீ என்னடான்னா புது ஏசி குளுருன்னு மெக்கானிக்கைக் கூப்புட்டு வஞ்சிருக்க.

இன்னொரு வகையும் இருக்கு. மடையெல்லாம் பழுதில்லாம இருக்கும். உடம்போட காவக்காரய்ங்களே ஆளு தெரியாம நீர்பாய்ச்சி வீட்டை இடிச்சுப் போட்ருவாய்ங்க. அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும்னு நெனைக்காத, 30, 40 வயசுலயும் வரும். ஆளு ஒல்லியா இருப்பான், எடை எறங்கிக்கிட்டே போகும், மாத்திரைக்கு மசியாது. அவனுக்கு ஊசிதான் சோறு மாதிரி. அவனைப் பாத்து “நெறைய இனிப்புத் தின்னுருப்ப”ன்னு சொல்றவன் வாயில சூடு வைக்கணும். உனக்கு எந்த வகைன்னு டாக்டர்கிட்டக் கேளு. என்கிட்டக் கேக்காத, நான் பெஞ்சுல உக்காந்திருக்கிறவன்.

எனக்கு வந்த வழிய வேணாச் சொல்றேன். வெள்ளாமை பாத்த வரைக்கும் வெள்ளன எந்திரிச்சா பொழுதடையிற மட்டும் காலுக்கு ஓய்வில்ல. தூக்குச்சட்டி நெறையச் சோறு, அம்புட்டும் வரப்புலயே செரிச்சுப் போகும். பெறகு வயலைப் பிளாட்டுக்காரய்ங்க கேட்டாய்ங்க, குடுத்தேன். அந்தக் காசுல மொபெட் வாங்குனேன். டீ குடிக்க மொபெட்டு, தெருமுனைக்கு மொபெட்டு, அடுத்த வீட்டு மொய்க்கும் மொபெட்டு. வயலு போச்சு, நடை போச்சு, சோத்துச் சட்டி மட்டும் சைசு மாறல. வித்த நெலத்துக்கு வட்டியா இது வந்து சேந்துச்சு.

“நான் ஒல்லிதானே மாமா”ன்னு வயித்த எக்கிக் காட்டாத. மூச்சு விடு, பட்டன் தெறிச்சுரும். எம்பேத்தி நர்சிங் படிக்குதுல்ல, அது ஒண்ணு வாசிச்சுக் காட்டுச்சு. புனேயில யாஜ்னிக்னு ஒரு டாக்டர், லண்டன்ல யூட்கின்னு ஒரு டாக்டர். உயரத்துக்கு எடை கணக்குப் போட்டா ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரு, 22.3. பக்கத்துல நின்னு போட்டா எடுத்துக்கிட்டாங்க, ரெண்டு பேருமே ஒல்லி. உடம்புக் கொழுப்பை அளந்தா, வெள்ளக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. 2004ல லான்செட்னு பெரிய டாக்டர் பத்திரிகையிலயே போட்டுட்டாங்க. நம்ம ஊரு ஒடம்பு அப்பிடி மாப்ள. கையி காலு குச்சி, நடுவுல மட்டும் குதிரு.

கூட்டத்துக்கும் பஞ்சமில்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில மோகன் டாக்டரோட ஆராய்ச்சி நிலையமும் சேந்து நாடு பூராம் ரத்தம் எடுத்துப் பாத்து 2023ல கணக்குச் சொன்னாங்க. சுகர்காரய்ங்க 10.1 கோடிப் பேரு. சுகர் வர்றதுக்கு வாசப்படியில நிக்கிறவய்ங்க 13.6 கோடி. இம்புட்டுப் பெரிய சங்கத்துல சாதி கெடையாது, கட்சி கெடையாது, சந்தா கெடையாது. நீ மட்டும் ஏதோ எலெக்சன்ல தோத்தவன் மாதிரி துண்டைப் போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரியிற.

இனிமேத்தான் வேடிக்கை. நீ சங்கத்துல சேந்த சேதி தெரிஞ்சிருச்சுல்ல, ஜெய்ஹிந்துபுரத்துல இருந்து பசுமலை வரைக்கும் அம்புட்டுப் பேரும் டாக்டரு. ஒருத்தன் பாகற்காய் சாறும்பான். ஒருத்தன் ஆவாரம்பூவும்பான், அது பூத்த ஊருல சாவே வராதும்பான். அதைச் சொல்லிக் குடுத்த அவன் தாத்தா எங்கன்னு கேளு. நாவக்கொட்டைப் பொடி, வெந்தயத் தண்ணி. கசப்பாக் குடிச்சா இனிப்பு செத்துப் போகும்னு ஒரு கணக்கு. கசக்குறது நாக்குக்கு மட்டுந்தான்டா, ரத்தத்துக்கு நாக்கு கெடையாது. வெந்தயம் தின்னா தின்னுட்டுப் போ, மாத்திரைய மட்டும் நிறுத்தாத.

பெறகு வருவான் கருப்பட்டிக்காரன். “வெள்ளச் சீனிதான் விஷம் அண்ணே, நாட்டுச் சக்கரையும் கருப்பட்டியும் மருந்து.” நானும் மருந்துன்னு நம்பி நாளைக்கு நாலு தடவ கருப்பட்டிக் காப்பி குடிச்சேன். சட்டை கறுப்பாப் போட்டுக்கிட்டு வந்தாலும் திருடன் திருடன்தான். அதுலயும் பெரும்பங்கு அதே சக்கரைதான்.

அதுக்கும் மேல சிறுதானியக் கட்சி. கம்பு, கேப்பை, குதிரைவாலி நல்லதுதான், பேரையூர்ப் பக்கம் எங்க பங்காளிக இன்னைக்கும் வெதைக்கிறாய்ங்க. ஆனா கேப்பையைக் கூழாக் கரைச்சு ரெண்டு சொம்பு குடிச்சா அதுவும் வெரசா ரத்தத்துல ஏறும். அரிசியே வேணாம்னு சப்பாத்திக்குத் தாவுனவன் ஒருத்தன் இருந்தான்; ராத்திரிக்கு ஒம்பது சப்பாத்தி. எங்கப்பத்தா ஒரு உருண்டைக் களிதான் தின்னுச்சும்பாய்ங்க. எம்புட்டு உருண்டை? எங்கப்பத்தா கையி சின்னக் கையி, நாள் பூராம் களை எடுத்த கையி. நீ உருட்டுனா அது புட்பால்.

வள்ளுவரு மருந்துன்னே ஒரு அதிகாரம் எழுதி வச்சாரு, 95ஆவது. போயி வாசி. அதுல ஒரு லேகியம் பேரு கெடையாது, ஒரு சூரணம் கெடையாது. பாதிக்கு மேல, முன்ன தின்னது செரிச்சுதான்னு பாத்து அளவாத் தின்னுடாங்கிற பேச்சுதான். நாம பாடமா ஒப்பிச்சு மார்க்கு வாங்கிட்டு, மத்தியானம் பிரியாணிக்குப் போயிட்டோம். தட்டுல பாதி காயும் கீரையும், கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ, மிச்சம் கால்வாசிதான் சோறு. பேத்தி சொன்ன கணக்கு இது. நான் மொத நாளு பெரிய தட்டா வாங்கிட்டு வந்தேன், அது வேற கதை.

ஊரும் லேசுப்பட்ட ஊரில்ல மாப்ள. அழகரு ஆத்துல எறங்கயில சக்கரைக் கிண்ணத்துல சூடம் ஏத்தி நீட்டுற ஊரு இது. சாமிக்கே சக்கரை, மனுசனுக்குச் சொல்லவா வேணும்? பந்தலுக்குப் பந்தல் பானகம் ஊத்துவாய்ங்க. சாமி காரியம், சுகர் ஏறாதுன்னு ரெண்டு கிளாசு எறக்குவோம். விளக்குத்தூண்ல ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்து, “கடல்பாசி ஒடம்புக்குக் குளிர்ச்சி”ம்பான் கூட்டாளி. கடல்பாசி குளிர்ச்சிதான், கூட வர்ற சர்பத்தும் ஐஸ்கிரீமும் யாரு வீட்டுப் பிள்ளைக?

நான் பண்ணுன திருட்டுத்தனத்தைச் சொல்லவா? மூணு மாசத்துக்கு ஒருக்க ரத்தம் குடுக்கப் போவேன். போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி சாமியாரு. வெறும் மோரு, வெள்ளரிக்கா, ரவைக் கஞ்சி அரை டம்ளரு. ரத்தம் குடுப்பேன், 118 வரும். டாக்டரம்மா சிரிக்கும், நானும் சிரிப்பேன், வெளிய வந்து நேரா ரெண்டு பரோட்டாவுல சால்னாவை ஊத்துவேன். ஒரு தடவ அந்தம்மா வேற ஒரு டெஸ்டு எழுதிக் குடுத்துச்சு, ஹெச்பிஏ1சின்னு. ரத்தத்துல செவப்பணு இருக்குல்ல, அதுக்கு ஆயுசு ஏறக்குறைய 120 நாளு. வாய்க்கால்ல ஓடுற சக்கரை அது மேல ஒட்டிக்கிட்டே வரும். எம்புட்டு ஒட்டியிருக்குன்னு பாத்தா, மூணு மாசமா நீ என்ன பண்ணுனன்னு தெரிஞ்சு போகும். 6.5 தொட்டா சுகரு. எனக்கு 9.4. அந்தம்மா சீட்டை என் பக்கம் திருப்பி, “ஐயா, ரெண்டு நாளு விரதம் இருந்தீங்க, சரி. மிச்சம் 88 நாளு?”ன்னு கேட்டுச்சு. பலசரக்குக் கடை அண்ணாச்சி பத்து நோட்டை விரிச்ச மாதிரி ஆயிருச்சு.

அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சது. இது நோயில்லடா, தண்டலு. மதுரைக்காரனுக்கு வட்டியப் பத்திச் சொல்லித் தரணுமா? நாள் வட்டி, ரன் வட்டி, மீட்டர் வட்டின்னு நம்மாளு வைக்காத பேரில்ல. தண்டலை தெனமும் கட்டிட்டா அவன் பாட்டுக்கு வாங்கிட்டுப் போயிருவான், வீட்டுக்குள்ள எட்டிப் பாக்க மாட்டான். நாலு நாளு கதவைச் சாத்திக்கிட்டு “அப்பா ஊருல இல்ல”ன்னு பிள்ளைய விட்டுச் சொல்லிப் பாரு, அஞ்சாம் நாளு மொபெட்டைத் தூக்கிட்டுப் போவான். இவன் மொபெட்டைத் தூக்க மாட்டான். கண்ணு, கிட்னி, காலுன்னு ஒண்ணொண்ணாத் தூக்குவான். அதுவும் சத்தமில்லாம.

கண்ணை எடுத்துக்க. நம்ம ஊரு அரவிந்த் ஆஸ்பத்திரி வெங்கடசாமி டாக்டரைக் கேள்விப்பட்டிருப்ப. வாலிபத்துலயே முடக்குவாதம் வந்து கைவிரலெல்லாம் கோணிப் போச்சு மனுசனுக்கு. அந்த விரலை வச்சுக்கிட்டே கத்தி புடிக்கப் பழகி, லட்சம் ஆபரேசனுக்கு மேல பண்ணுனாரு. 58 வயசுல சர்க்கார் வேலையில ரிட்டயர் ஆகி, 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச எடம் அது. நீ 42 வயசுல, பத்து விரலும் நேரா வச்சுக்கிட்டு, செருப்பு வாரை மாட்டக் குனியச் சோம்பப்படுற. வருசத்துக்கு ஒருக்க கண்ணுக்குள்ள படம் புடிச்சுப் பாத்துரு. சுகரு விழித்திரையில ரத்தக்குழாயை அரிக்கிறப்ப ஆரம்பத்துல வலிக்காது, பார்வையும் மங்காது. கூகுள்காரய்ங்க அரவிந்தோட சேந்து, அந்தப் படத்தைப் பாத்துக் கம்ப்யூட்டரே பழுதைச் சொல்ற வித்தையைப் பழக்கியிருக்காய்ங்க. “நல்லாத்தானே தெரியுது, எதுக்குப் போகணும்”ங்கிறியா? நல்லாத் தெரியிறப்பவே போனாத்தான்டா அந்தப் படத்தை நீயும் பாக்க முடியும். அப்பிடியே ஒண்ணுக்குல புரதம் போகுதான்னு கிட்னிக்கும் ஒரு டெஸ்டு.

மாத்திரைக்கு அலையணுமேன்னு அலுத்துக்காத. 2021 ஆகஸ்டுல இருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருது. தபால்காரர் மாதிரி அந்தப் பொண்ணு பேரு சொல்லிக் கூப்புடும். அப்ப நீ கொல்லைப் பக்கம் ஒளிஞ்சிருந்தா தண்டல்காரன்னு நெனச்சுட்டன்னு அர்த்தம். ரிப்போர்ட்டு சரியா வந்துச்சுன்னு மாத்திரைய நிறுத்துற புத்திசாலிகளும் உண்டு. மழை நனைக்கலைங்கிறதுக்காக மழையில நின்னுக்கிட்டே கொடையை மடக்குறவன் அவன்.

ஊசின்னா கடைசிக் கட்டம்னு ஒரு பேச்சு இருக்கு. டாக்டர் எழுதிக் குடுத்தா போட்டுக்க, அம்புட்டுதான். 1922 ஜனவரியில டொராண்டோவுல 14 வயசுப் பையன் ஒருத்தனுக்கு மொத மொதலா இன்சுலின் போட்டுப் பொழைக்க வச்சாங்க. அதுக்கு முன்னாடி அந்த மாதிரிப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு நாளை எண்ணுறதுதான் வைத்தியம். கண்டுபுடிச்சவங்க காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுல பேண்டிங்னு ஒரு டாக்டரு பொறந்த நாளு நவம்பர் 14. அதான் உலக நீரிழிவு நாளு. நம்ம நேரு மாமா பொறந்த நாளும் அன்னைக்குத்தான், பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுப்பாங்க. சக்கரைக்கு இருக்கிற குசும்பைப் பாரு.

மிட்டாய்ன்னதும் ஞாபகம் வந்துச்சு. மாத்திரையோ ஊசியோ போட்டுக்கிட்டுச் சாப்புடாம இருந்தா, சுகரு 70க்குக் கீழ எறங்கலாம். வேர்க்கும், கையி நடுங்கும், கோவம் கோவமா வரும். உம்பொண்டாட்டிகிட்டச் சொல்லி வையி, இல்லாட்டி எப்பவும் வர்ற கோவம்னு விட்ரும். உடனே மூணு ஸ்பூனு சீனியோ குளுக்கோசோ தண்ணியில கலக்கிக் குடி, 15 நிமிசம் கழிச்சு மறுபடி பாரு. கடலை மிட்டாய் ஆகாது, நீ மென்னு முழுங்குறதுக்குள்ள மயங்கிருவ. நெனவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108ஐக் கூப்புடணும். பாத்தியா வேடிக்கைய? சீனி ஆகாதுன்னு சொன்ன மனுசன் சட்டைப்பையில சீனிப் பொட்டலம் வச்சுக்கிட்டே திரியணும்.

கடைசியா, நடை. சென்னையில ராமச்சந்திரன்னு ஒரு டாக்டரு, வாசப்படியில நின்ன 531 பேரை வச்சு 2006ல ஒரு ஆராய்ச்சி சொன்னாரு. ஒரு கூட்டத்துக்கு நடையும் சாப்பாட்டு அளவும், ஒரு கூட்டத்துக்கு மாத்திரை. மூணு வருசம் முடியப் போறப்ப பாத்தா, நடந்தவங்களுக்கு சுகர் வர்றது 28.5 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு, மாத்திரைக்காரங்களுக்கு 26.4. உன் தம்பியும் வாசப்படியிலதான் நிப்பான், அவனையும் இழுத்துக்கிட்டு வா. மாடக்குளம் கண்மாய்க் கரையில வெள்ளன ஆறு மணிக்கு நிப்பேன்.

செருப்பு போட்டுக்கிட்டு வா. சிரிக்காத, சொல்றதைக் கேளு. நானும் அந்த 9.4 வாங்குன பெறகு திருந்துனேன். திருந்துனதுல ஒரு வீம்பு. பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றம் மலையை வெறுங்காலோட சுத்துனேன், புண்ணியமும் ஆச்சு, சுகருக்கும் ஆச்சுன்னு. கண்ணாடிச் சில்லு ஒண்ணு ஏறியிருக்கு. சத்தியமாத் தெரியல மாப்ள. சுகரு காலு நரம்பை எப்பவோ மழுங்கடிச்சிருச்சு. மூணாம் நாளு பாயில ரத்தத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சது. அப்பவும் வாயத் தொறந்தேனா? வீட்டுல வைவாங்கன்னு மஞ்சளை அப்பிக் காடாத் துணியைச் சுத்தி, வேட்டியை எறக்கிக் கட்டிக்கிட்டேன். 20 நாளு ஒளிச்சேன். நாத்தம் வந்து, உங்காத்தாதான் மோந்து கண்டுபுடிச்சா.

இந்தா, செருப்பைக் கழட்டுறேன், நல்லா எண்ணிப் பாரு. நான் பேச ஆரம்பிச்சப்பவே ஒம்பது விரலுன்னு சொன்னேன், நீ கெழவன் ஒளறுறான்னு நெனச்சிருப்ப. இது எம்.சி.ஆர். செருப்பு, மெத்து மெத்துன்னு இருக்கும். தொழுநோய்க்காரங்க காலுக்குப் புண்ணு வரக் கூடாதுன்னு வேலூர்ப் பக்கம் டாக்டருங்க கண்டுபுடிச்சது, இப்ப நம்ம சங்கத்து யூனிபாரம். தெனமும் ராத்திரி கண்ணாடியைத் தரையில வச்சு உள்ளங்காலைப் பாக்குறேன். 60 வயசு வரைக்கும் கண்ணாடியில மூஞ்சியப் பாத்து மீசைய முறுக்குனதுக்கு, காலைப் பாத்திருக்கலாம். தண்டல்காரன் ஒரு விரலோட போனான். கண்ணும் கிட்னியும் இன்னும் என் பேருலதான் இருக்கு.

மூஞ்சியத் தொங்கப் போடாத. அழுக வைக்கவா கூப்புட்டேன்? மாஸ்டரு, எனக்கும் ஒரு வித்தவுட்டு. மாப்ள, அந்தப் பால்பன்ல கால்வாசி புட்டு இப்பிடிக் குடு. என்ன முறைக்கிற? மத்தியானச் சோத்துல ஒரு கரண்டி கழிச்சுக்குவேன், சாயங்காலம் கரையில ஒரு சுத்து கூட நடப்பேன். கணக்குத் தெரிஞ்சவன் கைமாத்து வாங்கலாம்டா. நீ இன்னும் நோட்டே போடல. மிச்சத்தை மாஸ்டர்கிட்டத் திருப்பிக் குடு.